காதில் ஒளிந்த தம்புரா

மாலினி ஹெப்பார் டெட்ராய்ட்டில் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள். பனிச்சாலையில் கார் வழுக்கினால்கூடப் பதறமாட்டாள். அவளைக் கிடுகிடுக்க வைப்பது ஒன்றே ஒன்று, பாடும்போது ஆதார ஸ்வரமான ஸட்ஜம் விலகிவிடுவது. ஏழு வருடத்துக்கு முன் கோயில் உற்சவக் கச்சேரியில் அப்படி விலகியது. வயலின்காரர் வில்லை எடுத்துவிட்டார், மிருதங்கமும் நின்றது. அந்த அமைதி இன்றும் அவள் காதில் இருக்கிறது.

அதோடு வாயை மூடியவளைத்தான் கடைக்கு வரும் பியானோக்காரி லொரெட்டா தன் ஜாஸ் குழுவுக்கு இழுத்துவந்தாள். இன்று சர்ச் மண்டபத்தில் முதல் நிகழ்ச்சி.

"இன்னிக்கும் விலகிச்சுன்னா, இனி ஜென்மத்துக்கும் பாடமாட்டேன்," என்றாள் கணவனிடம்.

"ரெண்டு மாசமா நம்ம வீட்ல ரசமே கல்யாணி ராகத்துலதான் கொதிக்குது. போ மாலு," என்றான் கிரீஷ்.

அவனுக்கென்ன, சொல்லிவிட்டான்! தம்புராவின் ஸ்வரம் ஒரே இடத்தில் நிற்கும். ஜாஸில் அடி ஸ்வரம் நகர்ந்துகொண்டே இருக்கும். அதனால் கூந்தலுக்குள் மறைத்து, காதில் தம்புரா ஒலிக்கும் சின்னக் கருவியைச் செருகிக்கொண்டாள். சார்ஜ் போட்டோமா என்று மட்டும் யோசிக்கவில்லை.

ஆலாபனை நல்லபடி போனது. டிரம்ஸ் சேர்ந்த கொஞ்ச நேரத்தில் சார்ஜ் தீர்ந்து காதிலிருந்த தம்புரா நின்றுபோனது. தொடையில் தாளம் போட்ட கை மட்டும் நிற்காமல் போட்டது. எங்கே ஸட்ஜம்? பக்கத்தில் குழுவின் பாஸ்காரர் கிளீவ், ஆளுயர வயலின் போலிருந்த பாஸை மீட்டிக்கொண்டிருந்தார். தம்புராவோடு வளர்ந்தவளுக்கு அடியில் கேட்கும் கனத்த ஸ்வரம்தான் ஆதாரம். அதையே ஸட்ஜமாகப் பற்றிக்கொண்டாள். பற்றிய மறுகணமே தப்பென்று தெரிந்துவிட்டது. இப்போது எல்லோரும் நிறுத்துவார்கள். கண்ணை இறுக மூடிக்கொண்டு, சத்தம் நிற்கப்போகும் கணத்துக்காகக் காத்தபடியே பாடினாள்.

யாரும் நிறுத்தவில்லை. பாட்டு முடிந்து கைதட்டல் எழுந்தபோதும் அவள் கண்ணைத் திறக்கவில்லை.

மேடைக்குப் பின்னால் லொரெட்டா இடுப்பில் கைவைத்து நின்றாள். "ஏம்மா, பாதிப் பாட்டுல சுருதி குடியிருக்கிற வீட்டையே மாத்திட்டியே!"

"நான் சும்மா அந்த ஸ்வரம் வழியா நடந்து போயிட்டிருந்தேன்," என்றார் கிளீவ். "இவ அங்கேயே பாயை விரிச்சு உக்காந்துட்டா. அப்புறம் நான் எங்க போறது? எல்லாரும் அங்கேயே வந்துட்டோம்."

"அப்ப... நான் தப்பாத்தானே பாடினேன்?"

"தப்புத்தான். அதுக்காக உன்னைத் தனியா விட்டுட்டுப் போயிடுவோமா?" என்றாள் லொரெட்டா.

மாலினி விக்கி விக்கி அழுதாள். ஏழு வருடமாக அடக்கி வைத்த அழுகை.

கூந்தல் விலகித் தெரிந்த காதுக் கருவியைக் கிளீவ் சுட்டிக்காட்டினார். "அடுத்த ஞாயித்துக்கிழமை அது வேணாம். என்னைக் கேட்டுக்கிட்டே பாடு."

பயம் போகவில்லை; ஆனாலும் கருவியைக் காதிலிருந்து கழற்றினாள். வருகிறேன் என்றாள்.