தண்ணீர் தெளிந்திருக்கும் நாட்கள்

அணைக்கட்டில் வேலை பார்த்தவர்கள் அவளை முக்குளிப்பான் என்றுதான் கூப்பிட்டார்கள். ஓரிடத்தில் மூழ்கி வேறோரிடத்தில் தலைதூக்கும் அந்தச் சின்னப் பறவையின் பெயர் அவளுக்குக் கச்சிதமாகப் பொருந்தியது. மதகுக் கதவில் துரு ஏறியிருக்கிறதா, குப்பை தடுக்கும் கம்பியில் மரக்கிளை சிக்கியிருக்கிறதா என்று அடியில் போய்ப் பார்த்துவருவது அவள் வேலை. கணவர் லிஃப்ட் மெக்கானிக். "நான் மேல போறேன், நீ கீழ போற. நடுவுல வீட்டுல சந்திச்சுக்கலாம்" என்று கல்யாணமான புதிதில் கேலி செய்வார்.

ஒரு குளிர்காலத்தில் சளியோடு இறங்கினாள். பாதி ஆழத்தில் இடது காதுக்குள் ஏதோ கிழிந்தது போலிருந்தது. மேலே வந்தபோது படகும் கரையும் சுழன்றன. பல வாரங்கள் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தாள். காது டாக்டர் சுற்றி வளைக்காமல் சொன்னார்: "தலைக்குக் குளிக்கலாம். முங்கக் கூடாது. மறுபடி கிழிஞ்சா அந்தக் காது போயிடும்."

கணவருக்கு உள்ளூர நிம்மதி. அதை மறைக்கத் தெரியாமல் அன்றைக்கு இரண்டு தடவை காபி போட்டுக் கொடுத்தார்.

அவளை அணையின் மேல் உள்ள கட்டுப்பாட்டு அறையில் உட்காரவைத்தார்கள். அவளோடு ஜோடியாக இறங்கிவந்த, எல்லாரும் வாயாடி என்று கூப்பிட்ட பையன் இப்போது வேறொருவரோடு இறங்கினான். அவன் அனுப்பும் தகவலை வாங்குவது அவள் வேலை. கேபிள் கட்டி இறக்கினால் கம்பியில் சிக்கும். ஒலியில் அனுப்பினால் அணைச் சுவரில் எதிரொலித்துக் குழம்பும். ஒரு வரிச் செய்தி வருவதற்குள் கொட்டாவி வந்துவிடும். படம் என்றால் பாதி வந்து நின்றுவிடும். அவளுக்கு அதில் பெரிய குறையில்லை. அரைகுறையாக வரும்வரை, அந்த இடம் தன்னைவிட்டு வெகுதூரம் போய்விட்டது என்று நினைத்துக்கொள்ள முடிந்தது.

அப்புறம் ஆராய்ச்சிக் கூடத்திலிருந்து ஓர் இன்ஜினியர் பெண் பெட்டிகளோடு வந்தாள். மூழ்குபவரின் முதுகில் ஒரு வளையம், அதைச் சுற்றிலும் நீலமும் பச்சையும் கலந்த விளக்குகள். எதிரே, கயிற்றில் இறக்கிய பெட்டியில் அந்த ஒளியை வாங்கி, பதிலையும் ஒளியிலேயே அனுப்பும் கருவி. கண்ணுக்குப் பிடிபடாத வேகத்தில் மினுக்கி மினுக்கி விளக்குகளே பேச்சையும் படத்தையும் அனுப்பிவிடும்.

"சுத்தியும் விளக்கு இருக்கிறதால அவர் எந்தப் பக்கம் திரும்பினாலும் விட்டுப்போகாது. தண்ணி மட்டும் தெளிவா இருக்கணும். கலங்கிட்டா பழையபடி ஒலிதான்" என்றாள்.

முதல் நாளே திரையில் மதகு வந்தது. துருவின் செதில் ஒவ்வொன்றும் தெரிந்தது. முகமூடிக்குள் பேசிய வாயாடியின் குரல் பக்கத்து நாற்காலியிலிருந்து வருவதுபோல வந்தது.

"அக்கா, கேக்குதா? இத்தனை வருஷமா தண்ணிக்குள்ள வாயை மூடிட்டு நான் பட்ட பாடு உங்களுக்குத் தெரியாது."

மூச்சு விட்ட நேரம் போக மீதி நேரமெல்லாம் பேசினான். அறையில் எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள், சிரித்தபடியே மைக்கைப் பக்கத்தில் இழுத்தாள்.

"காத்து மிச்சம் இருக்கா தம்பி?"

"நிறைய இருக்குக்கா."

"அந்தப் பழைய படிக்கட்டுக்குப் போயேன்."

அணை கட்டியபோது ஆட்கள் ஏறி இறங்கிய கல் படி அது. தண்ணீர் நிரம்பியபின் யாருக்கும் வேண்டாததாகிவிட்டது. வேலைக்கு நடுவே இருவரும் அதில்தான் உட்காருவார்கள். இன்ஜினியர் பெட்டியை இன்னும் கொஞ்சம் இறக்கிக் கொடுத்தாள்.

"வந்துட்டேன்க்கா. இங்க ஒரு மீன்..."

"பேசாத. கேமராவை மட்டும் ஆடாமப் பிடி."

அவன் வாயை மூடினான். கைப்பிடிக் கம்பியில் பாசி ஒரே பக்கமாகச் சாய்ந்து அசைந்துகொண்டிருந்தது. மூன்றாம் படியின் உடைந்த ஓரம் அப்படியே இருந்தது. அவள் கை தானாகத் திரையை நோக்கி நீண்டது. கவனித்து, மடியில் வைத்துக்கொண்டாள்.

"போதுமாக்கா?"

"போதும், ஏறி வா." போதவில்லை.

மறுவாரம் யாரிடமும் சொல்லாமல் காது டாக்டரிடம் போனாள். பதில் மாறவில்லை. திரும்பும்போது அந்தக் கட்டடத்து லிஃப்டின் கதவு திறந்தது. உள்ளே ஸ்க்ரூ டிரைவரும் கையுமாக நின்றது கணவர்.

"காது வலிக்குதா?"

"இல்ல."

"பின்ன எதுக்கு வந்த?"

தளத்துக்குத் தளம் நின்று நின்று இறங்கிய லிஃப்டில், திரையில் பார்த்த படிக்கட்டைப் பற்றி அவள் சொல்லி முடித்தாள். அவர் திட்டவில்லை. "எனக்கும் ஒரு தடவை காட்டு" என்றார்.

அனுமதி வாங்கி அழைத்துப்போனாள். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, நின்றபடியே திரையைப் பார்த்தார்.

"இப்படி இருக்கும்னு நீ சொன்னதே இல்லையே."

"சொன்னேன். சாப்பாடு ஆறுதுன்னீங்க."

அவர் திரைக்கு இன்னும் பக்கத்தில் போய் நின்றார். "கீழ இவ்வளவு அமைதியாவா இருக்கும்?" என்றார்.

"உங்க மூச்சுச் சத்தம் மட்டும் கேக்கும். அதுவும் கொஞ்ச நேரத்துல மறந்துடும்."

மழை தொடங்கியது. ஆறு சேற்றைக் கொண்டுவந்து கொட்டியது. விளக்கின் வெளிச்சம் கைநீளம்கூடப் போகவில்லை. கருவி தானாகவே ஒலிக்கு மாறிக்கொண்டது. மறுபடி ஒற்றை வரிச் செய்திகள். சேறு அடங்க எத்தனை நாளாகும் என்று அவள் கேட்டபோதெல்லாம், தன் கருவிமேல் இவ்வளவு அக்கறையா என்று இன்ஜினியர் மகிழ்ந்துபோனாள்.

வீட்டில் கணவர் தட்டை நகர்த்திவைத்துவிட்டுக் கேட்டார்: "தண்ணி தெளிஞ்சுதா?"

"இன்னும் இல்ல" என்றாள்.