சினிமா ஆபீசுக்கு வந்த நிஜப் பணம்

இரண்டு வருடங்களுக்கு முன், மே மாத விடுமுறையில், திண்டுக்கல் தாடிக்கொம்பு சாலையில் பல மாதமாகப் பூட்டிக் கிடந்த ஒரு கடைக்குள் நடந்தது இது. நான் தனியார் பள்ளி ஒன்றில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வணிகவியல் நடத்துகிறவள்.

என்னிடம் படித்த ஒருவர் சினிமாவில் உதவி இயக்குநராக இருந்தார். அதிக வட்டி தருவதாகச் சொல்லிப் பணத்தை வாங்கிக்கொண்டு ஓடிப்போகிற நிதி நிறுவனத்தைப் பற்றிய படம். அந்தக் கடையைத்தான் நிறுவனத்தின் அலுவலகமாக மாற்றியிருந்தார்கள். கவுன்ட்டரில் உட்காரும் காசாளர் வேடத்துக்கு என்னைக் கூப்பிட்டார்.

"வசனமெல்லாம் இல்ல டீச்சர். நீங்க சும்மா உக்காந்தாலே ஜனங்க நம்பிருவாங்க" என்றார். அதைப் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

போன இடத்தில் கை சும்மா இருக்கவில்லை. மேசையில் கிடந்த டெபாசிட் படிவத்தில் வட்டிக் கணக்கு தப்பாக இருந்தது, வாரிசு பெயர் எழுத இடமே இல்லை. எல்லாவற்றையும் திருத்திக் கொடுத்தேன். இப்போதுதான் அசல் போல இருக்கிறது என்று இயக்குநர் சொன்னார். அன்று வீட்டுக்குப் போய்க் கணவரிடம் அதைப் பெருமையாகச் சொன்னேன்.

மறுநாள் மதியம் எல்லோரும் பின்பக்கம் சாப்பிடப் போயிருந்தார்கள். வெளியே வெயில் தாங்கவில்லை. உள்ளே ஏசி ஓடியதால் நான் மட்டும் கவுன்ட்டரிலேயே இருந்தேன். கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் வந்தார். நாற்பது வயது இருக்கும். செருப்பை வாசலிலேயே விட்டிருந்தார்.

"மேடம், இங்க எம்புட்டு வட்டி குடுக்குறீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் சாப்பாட்டுக் கூடையிலிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்து என் முன்னால் வைத்தார். எரியோடு பக்கத்து ஊராம். மில் வேலைக்குப் போகிறாராம். ஆடுகளை விற்ற பணம் எண்பதாயிரம். பஸ்ஸில் வரும்போது போர்டைப் பார்த்து இறங்கிவிட்டாராம்.

"அம்மா, இது ஆபீசு இல்ல. சினிமாவுக்குப் போட்ட செட்டு. நான் ஸ்கூல் டீச்சர்" என்றேன்.

அவர் முகம் சுருங்கிவிட்டது. "சின்னத் துட்டுன்னு வேணாங்கிறீங்களா? எல்லா எடத்துலயும் எங்கள மாதிரி ஆளுகளுக்கு ஒரு காரணம் வச்சிருக்கீக" என்றார்.

நான் மறுக்க மறுக்க அவருக்கு நம்பிக்கை கூடிக்கொண்டே போனது. உண்மையான ஏமாற்றுக்காரி பணத்தை வேண்டாம் என்று சொல்வாளா என்று அவர் நினைத்திருக்கலாம். கடைசியில் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனேன். பெட்டக அறையின் சுவரைத் தட்டிக் காட்டினேன். வெறும் பலகை. கம்ப்யூட்டருக்கு ஒயரே கிடையாது. நோட்டுக்கட்டில் மேல்தாளைத் தூக்கினால் அடியில் எல்லாம் வெள்ளைக் காகிதம்.

அவர் ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் கொடுத்தேன்.

"டீச்சரம்மா, பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கம்பெனியில ரெண்டு லட்சம் போட்டுருக்கேன். அங்கயும் இதே மாதிரிதான் கண்ணாடிக் கதவு, ஏசி. உங்கள மாதிரியே ஒரு அம்மா உக்காந்துருக்காக. அது நெசந்தான்னு எதை வச்சுக் கண்டுபிடிக்கிறது?"

கம்பெனியின் பெயரைச் சொன்னார். எனக்குத் திக்கென்றது. கூட வேலை பார்க்கும் ஆசிரியை ஒருவர் சேர்த்துவிட, நானும் அதே கம்பெனியில் ஐந்து லட்சம் போட்டிருந்தேன். மாதாமாதம் வட்டி தவறாமல் வந்துகொண்டிருந்தது. அந்த நிமிடத்தில் எனக்கே சந்தேகம் வந்தது. ஆனால் வணிகவியல் டீச்சர் தெரியாது என்று சொல்ல முடியுமா?

"அது நல்ல கம்பெனிம்மா. நானே போட்டுருக்கேன்" என்றேன்.

அவர் என்னைச் செத்த நேரம் பார்த்தார். முடிச்சைக் கூடைக்குள் வைத்துக்கொண்டு, "வாரேன்" என்று கிளம்பிவிட்டார்.

சாயங்காலம் பணம் போட்டவர்கள் கதவை உடைத்துக்கொண்டு வரும் காட்சியை எடுத்தார்கள். நூறு துணை நடிகர்கள் கத்தினார்கள், அழுதார்கள். கவுன்ட்டருக்குப் பின்னால் நான் விழித்துக்கொண்டு நின்றேன். எனக்கு அது நடிப்பா இல்லையா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. ஒரே டேக்கில் ஓகே ஆனது.

வீட்டுக்கு வந்து என் டெபாசிட் பத்திரத்தை எடுத்துப் பார்த்தேன். இரண்டு நாள் குழம்பினேன். அடுத்த மாத வட்டி வந்ததும் மறந்துவிட்டேன்.

ஏழு மாதம் கழித்து அந்தக் கம்பெனியை மூடிவிட்டார்கள். புகார் கொடுக்கக் காவல்துறை அலுவலக வரிசையில் நானும் நின்றேன். முன்னாலும் பின்னாலும் திரும்பித் திரும்பி அந்தப் பெண்ணின் முகத்தைத் தேடினேன். இருந்துவிடக் கூடாதே என்று பயமாக இருந்தது. அதே சமயத்தில் படமும் வெளியானது. நான் வருவது நாலு நொடி. தியேட்டரில் என் சீட்டுக்குப் பின்னால் இருந்தவர், "இந்தப் பொம்பளைக்கும் பங்கு இருக்கும்ப்பா" என்றார். அதற்குக் கோபப்படுவதா சிரிப்பதா என்று அன்றைக்கும் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியவில்லை.

பொங்கலுக்கு முன் பூ மார்க்கெட்டில் அந்தப் பெண்ணே என்னைப் பார்த்துக் கூப்பிட்டார்.

"டீச்சரம்மா, அன்னைக்கே போயி துட்டக் கேட்டேன். அடுத்த வாரம் வான்னாங்க. சாயந்தரம் வரைக்கும் நான் அங்கருந்து எந்திரிக்கவே இல்ல. பதினஞ்சாயிரம் பிடிச்சுக்கிட்டு மிச்சத்தக் குடுத்தாங்க" என்றார்.

"நான்தான் நல்ல கம்பெனின்னு சொன்னேனேம்மா?"

"சொன்னீங்க. ஆனா சொல்லும்போது உங்க மூஞ்சி அப்பிடி இல்ல."

பிறகு கொஞ்சம் தயங்கி, "நீங்களும் எடுத்துருப்பீங்கள்ல?" என்று கேட்டார்.

"எடுத்துட்டேன்" என்றேன்.

ஏன் அந்தப் பொய்யைச் சொன்னேன் என்று எனக்கே விளங்கவில்லை. வெட்கமா, அவருடைய நிம்மதியைக் கெடுக்க வேண்டாம் என்ற எண்ணமா? அவர் சந்தோஷமாக என் கையில் இரண்டு முழம் பூவை வைத்துவிட்டுப் போனார்.

போன ஐந்து லட்சத்தைவிட, அந்த மனுஷியிடம் முதல் முறை "தெரியலையேம்மா" என்றும், இரண்டாம் முறை "எடுக்கலையேம்மா" என்றும் ஒரு சொல் சொல்ல முடியாமல் போனதுதான் இன்னமும் என்னை உறுத்துகிறது.