தொண்டைக்குழி ஆராய்ச்சி

பீன்ஸ் அண்டாவை அடுப்பிலிருந்து இறக்குவதற்கு முன் நெரைதா இரண்டு விரலைத் தன் கழுத்தடியில், தொண்டைக்குழியின் மேல் வைத்துப் பார்க்கிறாள். கூட வேலை செய்யும் சமையல்காரிகள் இப்போதெல்லாம் எதுவும் கேட்பதில்லை. முதல் வாரம் மட்டும் தொண்டை வலி என்று நினைத்துத் தேன் கொண்டுவந்து கொடுத்தார்கள். அண்டா இறங்கியதும் கொண்டையில் செருகிய புருவப் பென்சிலை உருவி, ஏப்ரன் பையிலிருக்கும் நோட்டில் ஒரு வரி எழுதுவாள். அதில் ஒன்றை நான் திருட்டுத்தனமாகப் படித்திருக்கிறேன். "அண்டா: மூச்சு முதலில், முழங்கால் பிறகு."

நெரைதா ஒசோரியோவுக்கு நாற்பத்தாறு வயது. லோயிசா என்ற எங்கள் கடலோரத் தீவு ஊரில் எங்கள் தெருக்காரி. விடியற்காலையிலிருந்து இரண்டு மணி வரை பள்ளிக்கூடச் சமையலறை. மூன்று மணி பஸ்ஸைப் பிடித்தால் பல்கலைக்கழகம். அங்கே நடனத்தில் முதுகலை ஆராய்ச்சி மாணவி. ஆராய்ச்சி என்றதும் நூலகத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். அவள் ஆராய்ச்சி ஞாயிற்றுக்கிழமை பிற்பகல்களில் எங்கள் முற்றத்தில் பொம்பா என்ற எங்கள் ஊர் மேள நடனம் ஆடுவதுதான். நான் அங்கே தாள மேளம் அடிப்பவன். ஒரே அடியை மணிக்கணக்கில் அடிக்கிற என்னை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அதனால் நான் எல்லோரையும் பார்க்கலாம்.

எங்கள் ஊரில் மேளத்துக்கு ஆடுவது கிடையாது, ஆட்டத்துக்குத்தான் மேளம். ஆடவருகிறவர் பதில் மேளத்தின் முன் குனிந்து வணங்க வேண்டும். அதன் பிறகு உடம்பு எதைச் செய்தாலும், பாவாடையை வீசினாலும் தோளை வெட்டினாலும், அதே நொடியில் பதில் மேளம் ஓர் அடி கொடுத்தாக வேண்டும். மூக்கைச் சொறிந்தாலும் விடாது. முப்பது வருடமாகப் பதில் மேளம் அடிக்கும் செவேரோ அசைவு தொடங்குவதற்கு முன்பே கையைத் தூக்கிவிடுகிறார். எப்படித் தெரிகிறது அவருக்கு? இதுதான் நெரைதாவின் கேள்வி.

"காலைப் பாக்குறேன், வேற என்ன?" என்பார் செவேரோ.

அவள் நம்பவில்லை. தரையைப் பெருக்கும் நீளத்துக்குப் பாவாடை தைத்துக் காலை மறைத்து ஆடினாள். செவேரோ தவறவில்லை. முகமூடி போட்டு ஆடினாள். கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு ஆடினாள். அவர் தவறவே இல்லை. ஒரு ஞாயிறு, காலைத் தெரியவிட்டுக் கழுத்தில் மட்டும் சால்வையைச் சுற்றிக்கொண்டு வந்தாள். பதில் மேளம் பின்தங்கியது. ஒருமுறை, இருமுறை, ஒன்பது முறை.

"அடியே, என்னடி பண்ணி வச்சிருக்க?"

"ஒண்ணும் பண்ணலண்ணே. கழுத்த மூடினேன்."

"நான் காலத்தான் பாக்குறேன்னு எத்தன தடவ சொல்றது!"

"காலு தொறந்துதானே கெடக்கு? நல்லா பாத்துக்க வேண்டியதுதானே?"

கால் எழுவதற்கு முன் மூச்சு நிற்கிறது. நிற்கும்போது தொண்டைக்குழி இம்மியளவு உள்ளே போகிறது. செவேரோ தன்னையறியாமல் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். நெரைதா முற்றத்தை மூன்று சுற்று ஓடினாள். அன்று எல்லோருக்கும் அவள் கையால் நண்டு வைத்துப் பொரித்த அல்காபுரியா வடை. செவேரோ மட்டும் சாப்பிடவில்லை. இரண்டு வாரம் அவளிடம் பேசவும் இல்லை. என்னிடம்தான் புலம்பினார்: "நான் பொம்பளைங்க கழுத்தப் பாக்குறவன்னு புத்தகத்துல எழுதப்போறாளாம். என் பொண்டாட்டி படிச்சா என்ன ஆவுறது?"

அவர் புத்தகம் என்று சொன்ன அந்த ஆய்வேடு அவ்வளவு சுலபமாக வந்துவிடவில்லை. டாக்டர் உம்பியெர் என்ற பேராசிரியர் அவள் எழுதியதை இரண்டு முறை திருப்பி அனுப்பினார். "இது ஆட்டம். ஆராய்ச்சி எங்கே?" என்று சிவப்பு மையில் எழுதியிருந்தார். மூன்றாவது முறையும் வேண்டாம் என்றால் பெயரை அடித்துவிடுவார்கள். நான்கு வருடத்து மூன்று மணி பஸ் அத்தோடு முடிந்தது. அந்தக் காகிதத்தோடு அவள் எங்கள் வாசலில் உட்கார்ந்து அழுதாள். அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டுச் சொன்னாள்: "காயிதத்துல தேடினா எங்கருந்து கெடைக்கும்? ஆள இங்க வரச் சொல்றேன்."

போன ஞாயிறு வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் கோப்பு, கூடவே இரண்டு ஆசிரியைகள். நெரைதா கழுத்தைத் திறந்துகொண்டு ஆடினாள். ஓர் அடி பிசகவில்லை. சால்வையைச் சுற்றி ஆடினாள், செவேரோ திணறினார். உம்பியெர் பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"மேளக்காரர் உங்க ஆளு. வேணும்னே லேட்டா அடிக்கலாமில்ல?"

செவேரோ எழுந்துவிட்டார். "யோவ்! முப்பது வருஷத்துல வேணும்னு ஒரு அடி விட்டவன் இல்ல நான். அவ கழுத்த மூடினா எனக்குக் கண்ணு தெரியல, போதுமா? என் பொண்டாட்டியும் நல்லா கேட்டுக்கட்டும்!"

அவர் மனைவி சிரித்த சிரிப்பில் கையிலிருந்த இளநீர் கொட்டிப்போனது. அந்த வீம்புக்காரர் ஊர் முன்னால் அப்படி ஒப்புக்கொண்டதில் நான் மேளத்தையே மறந்துவிட்டேன். நல்லவேளை, என் கை தானாக அடித்துக்கொண்டிருந்தது.

நெரைதா நாற்காலி முன்னால் வந்து நின்றாள். "டாக்டர், நீங்க என் ஆளு இல்லையே? நீங்களே ஆடிப் பாருங்க."

ஆசிரியைகள் கைதட்டி அவரை எழுப்பிவிட்டார்கள். கோப்பை நாற்காலியில் வைத்துவிட்டு வந்தார். ஆயிரம் இருந்தாலும் இந்த மண்ணின் ஆள். மேளத்தின் முன் ஒழுங்காகக் குனிந்தார். நிமிர்ந்தபோது செவேரோவின் பார்வை தன் தொண்டைக்குழியில் நிற்பதைக் கவனித்துவிட்டார். அவர் கை மெல்ல மேலே போய்ச் சட்டையின் கழுத்துப் பொத்தானைப் போட்டது.

டக். அதற்கும் ஓர் அடி விழுந்தது.

முற்றமே கூச்சலிட்டது. உம்பியெர் காதுவரை சிவந்து சிரித்தார். நெரைதா நோட்டில் ஒரு வரி எழுதி, புருவப் பென்சிலைக் கொண்டையில் செருகிக்கொண்டு அவர் அருகே போனாள். கையை நீட்டி அந்தப் பொத்தானை அவிழ்த்துவிட்டாள்.