எண்பத்து மூன்றாம் எண் தறி

பூங்காவனத்தின் கணவன் வீரபாகு செத்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஆரணி நெசவாளர் சங்கத்து ஏட்டில் மட்டும் அவன் உயிரோடு இருந்தான். மாதம் தவறாமல் பட்டு நூல் வாங்கினான், சேலை கொடுத்தான். சங்கத் தலைவரே சாவுக்கு வந்து மாலை போட்டுவிட்டுப் போனவர்தான். ஆனால் அவன் தறிக்குரிய எண்பத்து மூன்றாம் எண்ணிலிருந்து சேலை வந்துகொண்டே இருந்ததால், அந்தப் பக்கத்தை மூட யாருக்கும் தோன்றவில்லை.

மூடினால் என்ன ஆகும் என்பது பூங்காவனத்துக்குத் தெரியும். செத்தவன் எண் மகனுக்குப் போகும். மகன் இல்லையென்றால் உடன்பிறந்தவனுக்கு. பெண்டாட்டிக்குக் கொடுத்ததாக அந்தத் தெருவில் சரித்திரமே கிடையாது. பதினைந்து வருஷமாகக் குழித்தறியில் இறங்கி மிதிப்பவளுக்கு அவர்கள் வைத்த பெயர் ‘கூடமாட ஒத்தாசை’. அவளுக்கு இருப்பதோ இரண்டு பெண்கள். எண் கொழுந்தன் பழனிக்குப் போனால் நூலும் அவனுக்குப் போகும். நூல் இல்லாத தறி வெறும் மரம்.

1987 ஆடியில் சங்கக் குமாஸ்தா வேணுகோபால் வாசலில் வந்து நின்றான்.

“பேஜாராயிடுச்சி, அக்கா.”

அந்த வருஷத்திலிருந்து சங்கத்தின் விவரங்கள் வேலூரில் ஒரு கம்ப்யூட்டருக்குப் போய்க்கொண்டிருந்தன. எண், மாதம், சேலை என்று வேணுகோபால் படிவத்தில் நிரப்பி பஸ்ஸில் கொடுத்தனுப்புவான். இருபுறமும் ஓட்டை போட்ட நீளக் காகிதம் திரும்பி வரும். அதில் அவன் எழுதாதது ஒன்றும் இருக்காது. ஆனால் இருநூற்றுப் பத்துப் பேரின் பக்கங்களை இதுவரை ஒருவரும் அருகருகே வைத்துப் பார்த்ததில்லை. இயந்திரம் பார்த்தது. அதிகம் நெய்தவரை மேலே வைத்து, வரிசையாக அடுக்கிக் கொடுத்தது. முதல் வரியில் வீரபாகு.

“உன் வூட்டுக்காரருதான் சங்கத்துலயே முதல் ஆளாம். வியாழக்கிழமை கைத்தறி ஆபீசர் சால்வை போட வராரு. தறியில உக்காந்து நெய்யறத போட்டோ புடிக்கணுமாம்.”

“இல்லன்னு சொல்றதுதான?”

“ரெண்டு வருஷமா நாந்தான எழுதிகினு வரேன், எப்படிச் சொல்றது? கொஞ்சம் மெதுவா நெய்ஞ்சிருக்கக் கூடாதா நீ?”

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று மதியம் கவனம் சிதறி, சேலைக் கரையில் மூன்று இழை அறுந்தது. எதிர்வீட்டுச் சின்னம்மாள், மாரியம்மனுக்குக் காசு முடிந்து வை என்றாள். மாரியம்மனா நூல் தரப்போகிறாள் என்று நாக்கு நுனிவரை வந்தது. ஆனாலும் பயத்தில் முடிந்து வைத்தாள்.

புதன்கிழமை வேணுகோபால் ஒரு வழி சொன்னான். “ஒரு நாளுக்குப் பழனிய உக்கார வச்சிடலாமா? போட்டோதான.”

“உக்காந்தா எழுந்துப்பானா?” என்றாள் பூங்காவனம்.

வியாழனன்று வீடு கொள்ளாத கூட்டம். அதிகாரி சால்வையோடு நின்றார். பக்கத்தில் தலைவர்.

“வீரபாகு எங்கம்மா?”

எங்கே நிற்பது என்று தெரியாமல் பூங்காவனம் தறிக் குழியில் இறங்கினாள். அங்கேதான் அவள் கால் தடுமாறாது. ஊடை நூல் ஓடும் நாடாவை இடமும் வலமுமாக நான்கு முறை எறிந்தாள்.

“அவரு செத்து ரெண்டு வருஷமாச்சிங்க. நெய்யறது நாந்தான்.”

“பொம்பள பேர்ல எண் குடுக்கற வழக்கம் இல்லீங்க, சார்,” என்றார் தலைவர் அவசரமாக.

“படிவத்துல ஆம்பள பொம்பளன்னு கட்டமே இல்லீங்களே,” என்று முனகினான் வேணுகோபால்.

அதிகாரி தலைவரைப் பார்த்தார். “அப்ப இத்தனை சேலையும் யார் நெய்தது?”

தலைவர் வேணுகோபால் பக்கம் திரும்பினார்.

“சொல்லுங்க, தலைவரே,” என்றாள் பூங்காவனம். “நீங்கதான வந்து மாலை போட்டீங்க.”

சால்வையை மடித்து எடுத்துக்கொண்டார் அதிகாரி. “இந்த அம்மா பேரைச் சங்கத்தில் பேசி எழுதி அனுப்புங்கள். அடுத்த பட்டியலில் பார்க்கலாம்” என்று தலைவரிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த ஒரு மாதம் வேலூர் பஸ் ஹாரன் கேட்கும்போதெல்லாம் அவள் கால் மிதியில் நின்றது. காகிதம் வந்தபோது அவள் எழுந்திருக்கவில்லை. வேணுகோபால்தான் குழியோரம் குந்தி, விரல் வைத்துக் கீழே கீழே தேடினான்.

“இருக்குது, அக்கா. எண் எரநூத்திப் பதினொண்ணு, பூங்காவனம். கடைசி வரி.”

“கடைசியா?”

“புது ஆளாச்சே. ஒரு மாசச் சேலைதான் உன் பேர்ல ஏறியிருக்குது.”

“நான் நெய்ஞ்ச மத்ததெல்லாம்?”

“அது எம்பத்தி மூணுல, வீரபாகு பேர்லியே நின்னுபோச்சு.”

அவள் காகிதத்தை வாங்கி, படிக்கத் தெரியாத அந்தக் கடைசி வரியின் மேல் விரலை வைத்துத் தடவினாள். அழிகிறதா என்று பார்த்தாள்.