சைகோன் மழையில் ஸ்டெல்லாவின் குரல்

நீங்கள் நம்பமாட்டீர்கள், பரவாயில்லை, இந்த மாதிரிக் கதைகளைச் சிரித்துத் தள்ளுகிற ஆள்தான் நானும். பெங்களூர் வைட்ஃபீல்ட் அபார்ட்மெண்டுகளில் லிஃப்ட் ரிப்பேர் செய்வது என் வேலை. ஆளே இல்லாமல் ஏழாவது மாடியில் கதவு திறக்கிறது, பேய் என்று போன் வரும். போய்ப் பார்த்தால் சென்சார் மேல் ஒரு பல்லி உட்கார்ந்திருக்கும். இப்படி எத்தனை பேயைத் துடைப்பத்தால் விரட்டியிருக்கிறேன்!

போன வருடம் என் மனைவி ஸ்டெல்லாவுக்குத் தைராய்டு ஆபரேஷன் நடந்தது. அதற்குப் பிறகு குரலே இல்லை, வெறும் காற்றுதான் வந்தது. குரல் திரும்பினாலும் திரும்பும், திரும்பாமலும் போகலாம் என்றார் டாக்டர். பிரேசர் டவுன் சர்ச்சில் பாடகர் குழுவின் முன்வரிசையில் நின்றவள், கடைசி பெஞ்சில் போய் உட்கார ஆரம்பித்தாள். எனக்கு அதைப் பார்க்கத் தாங்கவில்லை. மனசு கொஞ்சம் மாறட்டும் என்று ஜூலையில் வியட்நாமில் இருக்கும் சைகோனுக்குக் கூட்டிப் போனேன்.

அங்கே மழைக்காலம். காலையில் பழைய போஸ்ட் ஆபீஸ், மாரியம்மன் கோயில் என்று சுற்றுவோம், மதியமானால் வானம் பிய்த்துக்கொண்டு கொட்டும். மூன்றாம் நாள் சந்தைப் பக்கம் மாட்டிக்கொண்டோம். ஸ்டெல்லாவை ஒரு கடைக் கூரையடியில் நிற்கவைத்துவிட்டு, எதிர்க்கடையில் ரெயின்கோட் வாங்கலாமென்று முழங்கால் தண்ணீரில் இறங்கினேன். பாதி ரோடு தாண்டியிருப்பேன், பின்னாலிருந்து ஸ்டெல்லாவின் பழைய குரல் கணீரென்று கேட்டது.

"டோனி, நில்லு! குண்டி!"

சிரிக்காதீர்கள். கன்னடத்தில் குண்டி என்றால் பள்ளம். ஸ்டெல்லா பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்தவள், ரோட்டுப் பள்ளத்துக்கு அவள் வாயில் வேறு வார்த்தை வராது. நான் வேலூர்க்காரன், கல்யாணமான நாளிலிருந்து அதை வைத்தே அவளை ஓட்டிக்கொண்டிருக்கிறேன். தூக்கிய காலை அப்படியே நிறுத்தினேன். அந்தக் குரலுக்குப் பின்னாலேயே இன்னொன்றும் கேட்டது: "சொப்பு... சொப்பூ..." பெங்களூரில் எங்கள் தெருக் கீரைக்காரர் கீரையைக் கன்னடத்தில் இப்படித்தான் கூவி விற்பார், அதேதான். சைகோனில்! சத்தியமாகச் சொல்கிறேன்.

குனிந்து பார்த்தால், வெள்ளம் வடிய மூடி திறந்துவைத்த சாக்கடைக் குழி. அதன் வாயில் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் ஸ்டூல் கிறுகிறுவென்று சுற்றிக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு எட்டு வைத்திருந்தால் நானும் உள்ளேதான்.

திரும்பிப் பார்த்தேன். ஸ்டெல்லா எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கடைக்காரப் பெண்ணிடம் சைகையில் இளநீர் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் எதையும் சொல்லவில்லை. குரல் போனவளிடம் உன் குரல் கேட்டது என்று எப்படிச் சொல்வேன்?

பெங்களூர் திரும்பிய பிறகு, அக்டோபரில் ஒரு காலை, இருவரும் பிரெட் வாங்கக் கிளம்பினோம். விடிய விடிய மழை பெய்து தெருமுனையில் தண்ணீர் தேங்கியிருந்தது. நான் முன்னால் போய்க் காலை வைக்கப் போனேன்.

"டோனி, நில்லு! குண்டி!"

அதே குரல். உடனே பக்கத்துச் சந்திலிருந்து, "சொப்பு... சொப்பூ..."

காலைச் சட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டேன். திரும்பினால் ஸ்டெல்லா இரண்டு கையாலும் தொண்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

"டோனி, வாய்ஸ் வந்துடுச்சுப்பா!"

நடுத்தெருவில் கட்டிக்கொண்டு இருவரும் அழுதோம். கீரைக்காரர் பயந்துபோய் வண்டியை நிறுத்தி, "ஏனாயித்தம்மா, என்னாச்சு?" என்றார். பேச முடிகிறதே என்பதற்காகவே ஸ்டெல்லா அவரிடம் ஐந்து நிமிடம் பேசினாள்.

அப்புறம்தான் அந்தத் தண்ணீரில் இறங்கிப் பார்த்தேன். கணுக்கால் அளவுதான், கீழே நல்ல கெட்டியான தரை.

"எங்கடி குண்டி?" என்று சிரித்தேன்.

அவள் சிரிக்கவில்லை. "கண்ணால பாத்தேன்ப்பா. பெரிய குண்டி. செவப்பு ஸ்டூல் ஒண்ணு அதுல சுத்திட்டு இருந்துச்சே, எங்க அது?"

இப்போது ஞாயிறுதோறும் பழையபடி முன்வரிசையில் நின்று பாடுகிறாள். அந்த ஸ்டூலைப் பற்றி நான் இன்றுவரை அவளிடம் வாய் திறக்கவில்லை. லிஃப்ட் என்றால் திறந்து பார்த்துக் காரணம் சொல்லிவிடுவேன். அக்டோபரில் அவள் கூப்பிட்டதற்கு ஜூலையில் நான் எப்படி நின்றேன் என்று நீங்களாவது சொல்லுங்கள்.