விமானச் சத்தத்துக்கு அடியில் சுகுணா

"சுகுணா போயிட்டாம்மா. காலையில, ஆஸ்பத்திரியிலயே" என்று மோகன் சார் தொலைபேசியில் சொன்னபோது, அவள் இந்த நிமிடம் என் காதில் பேசிக்கொண்டிருக்கிறாள் என்று நான் சொல்லவில்லை. "சரி சார்" என்று மட்டும் சொன்னேன்.

ஹெட்போனின் ஒரு பக்கத்தை விலக்கிவிட்டுத்தான் பேசினேன். மூடியிருந்த மற்றக் காதில் சுகுணா 'காஃப்' என்றாள். பிறகு நிறுத்தினாள். நான் இருமல் என்று சொல்ல வேண்டிய இடம் அது. கணினியின் திரையில் கோடு நகர்ந்துகொண்டே இருந்தது. அடுத்த சொல்லை அதே நிதானத்துடன், எதுவும் நடக்காததுபோல், 'லாஃப்' என்றாள்.

உங்களில் பலர் அவள் முகத்தைப் பார்த்திருக்க மாட்டீர்கள். குரலை அறிவீர்கள். பொழிச்சலூரில் மோகன் சார் வீட்டு மாடியில், சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டிய ஓர் அறையில், பள்ளிப் பிள்ளைகளுக்கான ஆங்கிலச் சொல் சிடிக்களை நாங்கள் பதிவு செய்தோம். ஒரே எழுத்துகள் சேர்ந்துவரும் சொற்களும் சொற்றொடர்களும் ஒரு தொகுதி. சுகுணா ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு இடம் விடுவாள். பிள்ளைகள் திருப்பிச் சொல்வதற்கும், பின் நான் தமிழில் பொருள் சொல்வதற்கும் சேர்த்து அந்த இடம். சொற்பட்டியலை இருவரும் சேர்ந்து உட்கார்ந்து தயார் செய்வோம். பதிவுக்கு அவள் முதலில் வந்து தன் பங்கைப் பேசிவிட்டுப் போவாள். இன்னொரு நாள் நான் வந்து, அவளைக் கேட்டுக்கொண்டே இடைவெளிகளை நிரப்புவேன். அதனால் அவள் எனக்கு வைத்த பெயர் 'மீனிங்கு'.

ஈஞ்சம்பாக்கம் பக்கத்துக் கடலோரக் குப்பத்தில் பிறந்தவள். பெருங்குடியில் ஒரு கால் சென்டரில் சில காலம் இரவு வேலை பார்த்துக் கற்ற ஆங்கிலம் அது. மைக் முன்னால் உட்கார்ந்தால் அவளுக்கு வேறொரு குரல் வரும். ஊரும் வயதும் இல்லாத குரல். மைக்கை அணைத்ததும், "இன்னா மோகன் சார், டீ சொல்றேன்னு சொல்லிட்டு அப்டியே குந்திகினு கீற?" என்பாள். முதல் தடவை கேட்டபோது அறைக்குள் இரண்டு பேர் இருப்பதாக எனக்குத் தோன்றியது.

பொழிச்சலூரில் விமானங்கள் மாடிக் கைப்பிடிச் சுவரைத் தொட்டுவிடுவதுபோல் இறங்கும். எந்த முட்டை அட்டையும் அதைத் தடுக்காது. விமானம் போகும்வரை பேசாமல் காத்திருக்க வேண்டும் என்பது மோகன் சாரின் விதி. சுகுணா காத்திருக்க மாட்டாள். அந்த இரைச்சல் எப்படியும் வெட்டப்படும், முதலில் கேட்கப்போவது நான் என்று அவளுக்குத் தெரியும். ஆகவே இரைச்சலுக்கு அடியில் என்னிடம் பேசுவாள். "ஏ மீனிங்கு, நேத்து கட்டிகினு வந்த பொடவை கர்ச்சீப் மாதிரி கீது." "மோகன் சார் தொப்பை ஒரு சுத்து ஏறிப்போச்சு, பாத்தியா?" ஒலியைக் கூட்டி வைத்து, ஊளையிடும் இயந்திரத்துக்குக் கீழே அவள் குரலைத் தேடிப் பிடிப்பேன். தனியே உட்கார்ந்து சிரிப்பேன்.

கடைசியாக நாங்கள் எடுத்துக்கொண்டது ஜி, எச் இரண்டும் சேர்ந்துவரும் சொற்கள். இந்த இரண்டு எழுத்தும் சில சொற்களில் ஒலிக்கும், பலவற்றில் ஒலிக்காது. சை, பெருமூச்சு. டாட்டர், மகள். ஒலிக்காத எழுத்தை எதற்கு எழுத வேண்டும் என்று நான் அலுத்துக்கொண்டபோது, "வாய்ல வரலன்னா இல்லன்னு அர்த்தமா? உள்ள நின்னுகினு கீது, அவ்ளோதான்" என்றாள். 'கிவ் அப் த கோஸ்ட்' என்ற தொடருக்கு 'உயிர் விடுதல்' என்று எழுதிக் காட்டினேன். தலையைச் சாய்த்து யோசித்தாள். "விட்டுட்டா எங்க போவும் அது? இங்கதான் சுத்திகினு இருக்கும்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனாள்.

அந்தத் தொகுதியைத்தான் செய்தி வந்த காலையில் கேட்டுக்கொண்டிருந்தேன். அதைப் பேசிவிட்டுப் போன அன்றே அவள் காய்ச்சலோடு மருத்துவமனையில் சேர்ந்தது தெரியும். திரும்பி வந்துவிடுவாள் என்றுதான் நினைத்திருந்தேன். போனை வைத்தபின் என்ன செய்வதென்று தெரியாமல் ஹெட்போனை மறுபடி இரண்டு காதிலும் மாட்டிக்கொண்டேன். இன்னும் சில சொற்கள் வந்தன. பிறகு தொலைவிலிருந்து விமானம் வந்தது. ஜன்னலுக்கு வெளியே வானம் காலியாக இருந்தது. காதுக்குள் அது பெரிதாகிக்கொண்டே வந்தது. அதன் அடியில் சுகுணா என்னைக் கூப்பிட்டாள்.

"ஏ மீனிங்கு. கேட்டுகினு கீறியா? ஒடம்பு நெருப்பா கொதிக்குது எனக்கு. ரெண்டு நாளா இப்டிதான். அம்மாவுக்குத் தெரியாது. தெரிஞ்சா வேலைக்கு அனுப்பாது. மாத்திரையப் போட்டுகினு வந்துட்டேன். நீ எங்கனா வாயத் தொறந்து வைக்காத, இன்னா?"

விமானம் போய்விட்டது. 'நைட்' என்றாள் அந்த இன்னொரு குரலில். நிறுத்தினாள்.

அன்று மாலை நானும் மோகன் சாரும் குப்பத்துக்குப் போனோம். அவள் அம்மா மீன் விற்பவர். துக்கத்துக்கு வந்த ஒவ்வொருவரின் கையையும் பிடித்துக்கொண்டு ஒரே கேள்வியைக் கேட்டார். "காலைல நல்லாத்தானே வேலைக்குப் போச்சு? பொழுதுசாய வந்து வுழுந்துச்சே, எப்டி?" என் கையையும் பிடித்தார். நான் வாயைத் திறக்கவில்லை. அவரே பிறகு வேறொன்று கேட்டார். "உங்க மெசின்ல எம் பொண்ணு பேசிகினு கீதாமே? ஒரு தபா கேக்கணும் நானு. கொரலு மறந்துபூடும்போல கீது."

காரியம் முடிந்து சுகுணாவின் அம்மா அதைக் கேட்க வருவதாக இருந்த நாளுக்கு முன்னதாக மோகன் சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்த இடத்தை வெட்டிடும்மா. பெத்தவ காதுல அது விழக்கூடாது" என்றார். நானும் அதுவே சரி என்று நினைத்தேன். வெட்டி, தனியாக ஒரு பிரதி செய்து வைத்தேன். மூலத்தை அழிக்கக் கை வரவில்லை.

சுகுணாவின் அம்மா வந்தார். கூடையை மாடிப்படியின் கீழே வைத்துவிட்டு, கையைப் பலமுறை கழுவிக்கொண்டு உட்கார்ந்தார். ஹெட்போனை மாட்டி, வெட்டிய பிரதியைப் போட்டேன். சுகுணா ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். அவர் முகம் அசையவில்லை. வெகுநேரம் கேட்டார். பிறகு என்னைப் பார்த்து, "யாரும்மா இது?" என்றார்.

"சுகுணாதாம்மா."

"எம் பொண்ணு கொரலு எனக்குத் தெரியாதா? இது யாரோ ரேடியோக்காரி. இத்த எடும்மா." ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தார். முந்தானையை உதறி எழுந்தார். "எங்கயுமே இல்லாமப் பூட்டாளா அப்போ?"

மோகன் சார் என்னைப் பார்த்தார். அந்த அறையில் அவள் குரல் முழுவதும் இருந்தது, அவர் கேட்க வந்த குரல் மட்டும் வெட்டப்பட்டிருந்தது. "உக்காருங்கம்மா, இன்னொண்ணு இருக்கு" என்றேன். ஹெட்போனை மறுபடி அவருக்கு மாட்டி, மூலத்தைப் போட்டேன்.

எனக்கு எதுவும் கேட்கவில்லை. திரையைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். மெல்லிய கோடுகள், இடைவெளி, மெல்லிய கோடுகள். பிறகு திரை முழுவதும் அடர்ந்து கருத்தது. விமானம். அவர் இரண்டு கையாலும் ஹெட்போனைக் காதோடு அழுத்தினார். உதடு அசைந்தது. காது அடைபட்டவர்கள் பேசுவதுபோல் உரத்த குரலில், எங்கள் யாரையும் பார்க்காமல் பேசினார்.

"தெரியும்டி. கஞ்சி வோணான்னு தள்ளுன பாரு, அப்பவே தெரியும். நீயா வாயத் தொறந்து சொல்லுவேன்னு பாத்துகினு இருந்தேன்டி நானு."

திரையில் கருமை வடிந்து மறுபடி மெல்லிய கோடு வந்தது. அது நின்றது. அவர் பதிலுக்காகக் காத்திருப்பவர்போல் அசையாமல் இருந்தார். அடுத்த கோடு வந்தபோது ஹெட்போனை எடுத்துவிட்டார்.

"இன்னொரு தபா கேக்கிறீங்களாம்மா?"

"வாணாம். இதான் அவ."

பிரதி எடுத்துத் தருகிறேன் என்றேன். "வூட்ல வச்சா அவ அப்பன் காதுல வுழும். அவ காய்ச்சலு எனக்கு முன்னாடியே தெரியும்னு அந்தாளுக்குத் தெரியாது. உங்கிட்டயே கெடக்கட்டும்" என்று படியிறங்கினார்.

என்னிடம் அது இருக்கிறது. அதைத் தவிர, இப்போதெல்லாம் யாராவது பேசி நிறுத்தினால் நான் உடனே பதில் சொல்வதில்லை. அடியில் வேறு ஏதாவது ஓடுகிறதா என்று சற்றுநேரம் கேட்கிறேன். சுகுணாவிடமிருந்து எனக்கு வந்தது இதுதான்.

மீதி இடைவெளிகளில் பொருளைச் சொல்லி முடித்தேன். தொகுதி ஜூன் மாதம் கடைகளுக்குப் போனது. பம்மலில் எங்கள் தெருவில் ஒரு டியூஷன் வகுப்பு இருக்கிறது. சாயங்காலம் அங்கே அதைப் போடுகிறார்கள். அவள் ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு நிறுத்துகிறாள். பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து அவளுக்குத் திருப்பிச் சொல்கிறார்கள்.