பிலோமினா டீச்சரின் பாரசீகத் தோட்டம்

ஞாயிற்றுக்கிழமை காலை பள்ளிக்கூடத்து ஆயா மூச்சிரைக்க ஓடி வந்து எங்கள் வீட்டு வாசலில் நின்றாள். "பிலோமினா டீச்சர் பூட்டாங்கம்மா. ஆஸ்பத்திரிலேர்ந்து எட்த்துக்கினு வந்துட்டாங்க" என்றாள். இரண்டு நாளாக அந்தச் செய்திக்குத்தான் பயந்துகொண்டிருந்தேன். ஆனாலும், "யார் சொன்னது உனக்கு?" என்று அவள்மேல் எரிந்து விழுந்தேன்.

சாந்தோம் பள்ளிக்கூடத்தில் எங்களோடு வேலை பார்த்தவர்களுக்கு அவர் டிராயிங் டீச்சர். கல்யாணம் செய்துகொள்ளாமல் தம்பி சவரிமுத்துவைப் பிள்ளை மாதிரி வளர்த்தவர். அந்தத் தம்பி பாரசீகத்துக்கு எண்ணெய்க் கம்பெனி குமாஸ்தாவாகப் போன பிறகு, தம் வீட்டுக் கொல்லையில் அவர் போட்ட தோட்டத்தின் கதை சிலருக்குத்தான் தெரியும்.

தம்பி ஒரு கடிதத்தில் படம் வரைந்து அனுப்பியிருந்தான். நாலு பாத்தி, நடுவில் தொட்டி, தொட்டியிலிருந்து நாலு பக்கமும் வாய்க்கால். "அக்கா, இப்படி ஒரு தோட்டத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறேன். கவலைப்படாதே" என்று எழுதியிருந்தான். அதே போல ஒன்று தமக்கும் வேண்டும் என்று டீச்சருக்கு ஆசை வந்துவிட்டது. உப்பு மணலை அள்ளிவிட்டுச் செம்மண் கொட்டினார். படத்தில் ஓரமாக ஊசி போல நின்ற அந்த நாட்டு மரம் இங்கே கிடைக்காததால் ஓரத்தில் நெட்டிலிங்கம் வைத்தார். பாத்திகளில் ரோஜாவும் மாதுளையும். வாய்க்காலுக்கு எவ்வளவு சரிவு வேண்டும் என்று கணக்கு டீச்சரான என்னைக் கேட்டார். பத்தடிக்கு ஓர் அங்குலம் என்றேன். கொத்தனார் ஏகாம்பரம் தலையைச் சொறிந்தார்.

"இன்னாமா இது, தரையில சிலுவை கட்ற மாதிரி கீது?"

"சிலுவைதான் ஏகாம்பரம். தண்ணி ஓடுற சிலுவை."

வாய்க்காலுக்குச் சுண்ணாம்பு பூசி முடித்த சமயத்தில், யுத்தத்தில் பாரசீகத்துக்குள் இங்கிலீஷ், ருஷ்யப் பட்டாளங்கள் புகுந்ததாகப் பேப்பரில் வந்தது. அதோடு கடிதம் நின்றது. இடைவேளை மணி அடித்ததும் டீச்சர் வீட்டுக்கு ஓடுவார், தபால்காரரைப் பார்க்க. திரும்பி வரும்போது அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வராது.

அடுத்த சித்திரையில், ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணமே காலியாயிற்று. பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள். என் வீட்டுக்காரர் கும்பகோணத்துக்கு டிக்கெட் எடுத்துவிட்டார். சொல்லிக்கொள்ள டீச்சர் வீட்டுக்குப் போனால், கொல்லையில் விமானத் தாக்குதல் பாதுகாப்பு வார்டன் நின்றுகொண்டிருந்தார். கூடவே எதிர்வீட்டு ஆரோக்கியம்மாள்.

"மேலேர்ந்து பார்த்தா வெள்ளையா, பளிச்சுன்னு தெரியும்மா. மூடிடுங்க. பதுங்குறதுக்குக் குழியும் வெட்டணும்" என்றார் வார்டன்.

"தம்பி எங்கியோ வெளிநாட்டுல கீறான். இவங்க இங்க ஜப்பான்காரனுக்கு அடையாளம் போட்டு வெச்சுக்கிறாங்க. குண்டு எங்க தலைமேல இல்ல வுழும்?" என்று ஆரோக்கியம்மாள் கத்தினாள்.

டீச்சரின் முகம் வெளுத்துவிட்டது. அவர்கள் போன பிறகு என் பக்கம் திரும்பினார். "அடையாளமா? அப்படிக்கூட நினைப்பாங்களா கமலா?"

புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றைக் குழைத்தார். வெள்ளை தெரியாமல் வாய்க்கால் முழுவதும் இருவருமாகப் பூசினோம். "நீங்களும் எங்களோட கிளம்பி வந்துடுங்கோளேன்" என்று கெஞ்சினேன்.

"அவன் லெட்டர் வந்தா யாரு வாங்குறது? பூட்டின வீடுன்னு திருப்பி அனுப்பிட்டா?"

நான் போய்விட்டேன். கும்பகோணத்தில் பேப்பரைப் பிரித்ததும் முதலில் பட்டணத்துச் செய்தியைத்தான் தேடுவேன். இரண்டு மாதம் கழித்துத் திரும்பினபோது டீச்சர் பாதியாக இளைத்திருந்தார். ஒரு ரோஜாப் பாத்தி பதுங்கு குழியாகியிருந்தது. ஒரு நாள் முற்பகலில் அபாயச் சங்கு ஊதியதும் குழந்தைகளோடு முதலில் அதற்குள் வந்து விழுந்தவள் ஆரோக்கியம்மாள்தானாம். "என் கையைப் பிடிச்சவ, சங்கு அடங்கியும் விடவே இல்லை" என்றார் டீச்சர்.

மறு வருஷம் தம்பியிடமிருந்து ஒரு கார்டு வந்தது. சுகம் என்பதற்குமேல் அதில் ஒன்றும் இல்லை. யுத்தம் முடிந்துதான் சவரிமுத்து வந்தான், எலும்பும் தோலுமாக. டீச்சர் வாய்க்காலைச் சுரண்டிக் கழுவி, தொட்டியில் தண்ணீர் நிரப்பி வைத்திருந்தார். அவனைக் கையைப் பிடித்துக் கொல்லைக்கு இழுத்துப் போனார். அவன் தொட்டியையும் வாய்க்காலையும் மாறி மாறிப் பார்த்தான்.

"அக்கா, நான் இந்த மாதிரித் தோட்டத்தை ஒரு நாளும் பார்த்ததில்ல. துரை ரூம்ல தோட்டம் மாதிரி நெய்த ஒரு கம்பளம் விரிச்சிருந்தது. அதைப் பார்த்து வரைஞ்சேன். நான் இருந்தது தகரக் கொட்டகை. சுத்தி மணல். நீ கவலைப்படுவியேன்னு..."

டீச்சர் உடைந்துபோவாரோ என்று பயந்து அவர் பக்கத்தில் போய் நின்றேன். அவர் முந்தானையால் தொட்டியின் விளிம்பைத் துடைத்தார். "அப்ப இப்பத்தான் முதல் தடவையாப் பார்க்கிறே. உட்காரு" என்றார். அவன் தண்ணீருக்குள் காலை விட்டுக்கொண்டு விசும்பி விசும்பி அழுதான்.

போன வியாழக்கிழமை, ஆபரேஷனுக்கு முதல் நாள், ஆஸ்பத்திரியில் அவருக்குக் கஞ்சி ஊட்டினேன். என் கை நடுங்கிப் போர்வையெல்லாம் சிந்தியது. "என் கையும்தான் நடுங்குது, பாரு. நடுங்கினா நடுங்கட்டும். நீ கஞ்சியைக் கொடு" என்றார்.

நான் பயந்த சுபாவக்காரி. அது இனி மாறப்போவதில்லை. கை நடுங்கினாலும் கரண்டியைக் கீழே வைக்காமலிருப்பது. அவரிடமிருந்து எனக்கென்று நான் எடுத்துக்கொண்டது அதுதான்.